வரப்பை வெட்டியவள்

அண்ணனின் தாடையை நான் உடைத்தபோது மணி பத்தரை இருக்கும். யாராவது கேட்டால் கைகலப்பில் தெரியாமல் பட்டுவிட்டது என்று சொல்லச் சொன்னார் என் வீட்டுக்காரர். அவர் பஸ் ஓட்டுகிறவர், எதற்கும் ஒதுங்கி வழி விட்டுப் பழகிய மனுஷன். தெரியாமல் ஒன்றும் படவில்லை. குறி பார்த்துத்தான் அடித்தேன்.

எங்கள் இருவருக்கும் ஒரே வாய்க்கால். மேலே அண்ணனின் இரண்டு ஏக்கர், அதை ஒட்டிக் கீழே என் இரண்டு ஏக்கர், நடுவில் ஒரு வரப்பு. அப்பா போன பிறகு என் பங்கைக் கேட்டேன். சட்டம் என் பக்கம் இருந்தது, அண்ணன் கொடுத்தான். ஆனால் கொடுத்த விதம் இருக்கிறதே, அதற்குக் கொடுக்காமலே இருந்திருக்கலாம். சொந்தபந்தம் எல்லாம் உட்கார்ந்திருக்கும்போது, "தையல் மெஷின் மிதிச்ச காலு, சேத்துல எத்தனை நாளைக்கு நிக்குதுன்னு பார்ப்போம்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணிக்குச் சிரிப்பு அடங்கவே தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. அன்றைக்கு அறுந்த பேச்சு, இரண்டு வருஷம்.

பதினோரு வருஷம் ஆயத்த ஆடை ஆலையில் சட்டைக்குக் காலர் தைத்தவள் நான். வேலையை விட்டுவிட்டு நிலத்தில் இறங்கினேன். முதலில் வெண்டை போட்டேன். காய்க்கிற நேரத்தில் காட்டுப்பன்றி வந்து உழுதுவிட்டுப் போனது. நான்கூட அவ்வளவு சுத்தமாக உழுததில்லை. அடுத்தது கத்தரி. விடாமல் பெய்த மழையில் செடி நின்ற இடத்திலேயே அழுகியது. மூன்றாவது தக்காளி. இதுவும் போனால் நிலத்தை அண்ணனிடமே குத்தகைக்கு விட்டுவிட்டு மெஷினுக்குத் திரும்புகிறேன் என்று வீட்டில் நானே வாய் விட்டிருந்தேன். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. என் வாய் எனக்குச் சொந்தப் பகை.

அந்தத் தக்காளி எப்படி வந்தது தெரியுமா! செடிக்கு ஒரு குச்சி நட்டு, பழைய துணிக்கிழிசலால் கட்டி, பக்கக் கிளை ஒவ்வொன்றாகக் கிள்ளி, அறுபத்திரண்டு வரிசை. கிள்ளிக் கிள்ளி என் விரல் நுனி பச்சையும் கறுப்புமாகிவிட்டது. சோப்புப் போட்டாலும் போகாது. சோறு பிசையும்போதுகூட அந்த இலை வாசம் வரும். சொன்னால் சிரிப்பீர்கள், படுக்கும்போது கையை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தூங்குவேன். காலர் தைத்த பதினோரு வருஷத்தில் ஒரு சட்டையைக்கூட நான் அப்படி முகர்ந்து பார்த்ததில்லை.

கொத்துக் கொத்தாகக் காய் இறங்கியிருந்தது. மேல் கொத்தில் பூ. இந்த நேரத்தில் தண்ணீர் தவறினால் பூவெல்லாம் கொட்டிவிடும், காய்க்கு அடியில் கறுப்பு விழும். எட்டு நாளுக்கு ஒரு தடவைதான் எனக்குத் தண்ணீர் முறை, போன முறையில் வாய்க்கால் காய்ந்துவிட்டது. பதினாறு நாள் ஆகியிருந்தது நிலம் நனைந்து. மண்ணில் என் உள்ளங்கை போகும் அளவுக்கு வெடிப்பு. அந்தக் காலை பத்திலிருந்து இரண்டு வரை என் முறை. அதை விட்டால் இன்னும் எட்டு நாள். எட்டு நாள் அந்தச் செடிகள் தாங்காது.

பத்து மணிக்கு மடைப் பலகையைத் தூக்கிவிட்டு நின்றேன். தண்ணீர் வரவில்லை. பத்து ஐந்து. பத்து பத்து. வாய்க்காலில் ஒரு தவளை உட்கார்ந்து என்னையே பார்த்தது. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே நடந்தேன்.

அண்ணன் வாய்க்காலுக்குக் குறுக்கே மணல் மூட்டை நான்கை அடுக்கியிருந்தான். மொத்தத் தண்ணீரும் அவன் வயலுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. நாற்று நட்டு மூன்று வாரமான நெல், கணுக்கால் அளவுக்கு ஏற்கனவே தண்ணீர் நிற்கிறது. அவன் வரப்பில் குந்தி, நண்டு வளைகளில் களிமண்ணை உருட்டி அடைத்துக்கொண்டிருந்தான்.

"மணி பத்தேகால். மூட்டையை எடு" என்றேன். இரண்டு வருஷத்தில் நான் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"வரப்பு ஒழுகுது. வயல் நிறைஞ்சதும் எடுக்கறேன். பத்து நிமிஷம்."

"உன் வயல் நிறையறதுக்கு என் தண்ணியா? உனக்கு மட்டும் கடிகாரம் மெதுவா ஓடுதோ?"

"பத்து நிமிஷத்துல உன் செடி ஒண்ணும் செத்துடாது, போ."

போ என்று கையை ஆட்டினான் பாருங்கள், நாயை விரட்டுவது போல. எனக்குக் கண்மண் தெரியவில்லை. மூட்டையைத் தூக்கிப் போட்டிருந்தால் போதும். நான்கு மூட்டை, ஒரு நிமிஷ வேலை. வாய்க்கால் தண்ணீர் தன் வழியில் என் வயலுக்கு வந்திருக்கும். ஆனால் என் புத்தி அங்கே போகவில்லை. திருடியதை அவன் வயிற்றிலிருந்தே திரும்ப எடுக்க வேண்டும் என்று தோன்றியது. என் வயலுக்கு மேலே இருக்கும் வரப்பில் ஏறி மண்வெட்டியை ஓங்கினேன்.

அவன் எழுந்து ஓடி வந்தான். "ஏய், வரப்புல கை வைக்காதே! மூட்டையை வேணா எடுத்துக்கோ. வயல்ல களை மருந்து போட்டிருக்கேன்."

எங்கள் வாய்க்காலில் ஒரு நடைமுறை உண்டு. களை மருந்து போட்டவன் வடிகால் வாயை அடைத்து, அங்கே ஒரு குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிடுவான். துணி இருக்கிற மூன்று நாளும் அந்தத் தண்ணீர் வயலை விட்டு வெளியே வரக்கூடாது, கீழ் வயல்காரனும் அதைத் தொட மாட்டான். அது கீழ் வயல்காரனுக்குக் கொடுக்கிற மரியாதை. நான் வடிகால் வாயைப் பார்த்தேன். அடைத்திருந்தது. குச்சியும் இல்லை, துணியும் இல்லை.

"துணி எங்க?"

"கட்டலை."

"அப்ப மருந்தும் இல்லை" என்று சொல்லி முதல் வெட்டு வெட்டினேன்.

மண்வெட்டிக் காம்பைப் பிடித்து இழுத்தான். நானும் விடவில்லை. அவன் இழுத்த வேகத்திலேயே நான் காம்பைத் தள்ள, அதன் நுனி அவன் வயிற்றில் போய் இறங்கியது. ஹக்கென்று மடங்கினான். மடங்கியபடியே சொன்னான். "மருந்துடி... அகல இலைச் செடி எதையும் விடாது. நம்பு."

நம்பவாவது! சின்ன வயசில் கிணற்றில் பூதம் இருக்கிறது என்று சொல்லி என் பங்கு மாம்பழத்தைத் தின்றவன். இரண்டாவது வெட்டு வெட்டினேன், மூன்றாவது வெட்டினேன். வரப்பு இளகியது. அவன் என் தோளைப் பிடித்துத் திருப்பி முகத்தில் ஒரு குத்து விட்டான். மூக்குக்குள் ஏதோ நொறுங்கியது. சூடாக வாயில் வழிந்தது. அவன் வயல் சேற்றில் மல்லாந்து விழுந்தேன். அப்பாகூட என்னை அப்படி அடித்ததில்லை. அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பார்கள். எனக்கு அண்ணனே அடியையும் கொடுத்தான், இரண்டுக்கும் வெளியே போக வேண்டியிருக்கவில்லை.

விழுந்த இடத்திலிருந்தே காம்பைச் சுழற்றி அவன் முழங்காலுக்குக் கீழே அடித்தேன். எலும்பில் மரம் பட்ட சத்தம். அவன் என் மேலேயே விழுந்தான். தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து என் முகத்தைச் சேற்றில் அழுத்தினான். "உன் தக்காளி போயிடும்டி! சொல்றதைக் கேளு!" என்று காதோரம் கத்தினான்.

எனக்கு அது மிரட்டலாகத்தான் பட்டது. என் தக்காளி போக வேண்டும் என்றுதானே அவன் இரண்டு வருஷமாகக் காத்திருக்கிறான். வாயில் சேறு, மூக்கில் ரத்தம், மூச்சு இல்லை. கைக்கு எட்டியது அவன் கட்டைவிரல். கடித்தேன். பல் எலும்பைத் தொடும்வரை கடித்தேன். அலறிக்கொண்டு கையை உதறினான். நான் எழுந்து நின்றேன்.

அவன் முழங்காலில் நின்றான். ரத்தம் வழிகிற கையையும் நல்ல கையையும் சேர்த்துத் தூக்கிக் கும்பிடுவது போல வைத்துக்கொண்டான். "சத்தியமா அது மருந்துத் தண்ணி" என்றான்.

காம்பைத் திருப்பி, இரும்பு பூண்ட பக்கத்தால் அடித்தேன். கரும்பை முழங்காலில் வைத்து ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம். தாடை ஒரு பக்கமாகப் போய்விட்டது. வாயிலிருந்து ரத்தத்தோடு இரண்டு பல் விழுந்தது. அதற்குப் பிறகு அவனிடமிருந்து வார்த்தையே வரவில்லை.

மிச்சம் நின்ற மண்ணை நான் ஒரே வெட்டில் தள்ளினேன். தண்ணீர் திபுதிபுவென்று என் பக்கம் இறங்கியது.

அப்போது அவன் ஒன்று செய்தான். தவழ்ந்து வந்து, உடைப்பில் குப்புறப் படுத்துக்கொண்டான். தன் உடம்பாலேயே அடைத்தான். தண்ணீர் அவன் முதுகில் ஏறி நின்றது. தாடை உடைந்தவன், பாதி முகம் தண்ணீருக்குள் கிடக்க, விரல்களை இரண்டு பக்க மண்ணிலும் ஊன்றிப் பிடித்துக்கொண்டிருந்தான். பார்த்தபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? ஒரு சொட்டைக்கூட விட மனசில்லாத கஞ்சன் என்று தோன்றியது. இரண்டு காலையும் பிடித்துத் தரதரவென்று இழுத்து வரப்பில் போட்டேன்.

அந்த நேரம் பார்த்து மடைக்காரர் மொபெட்டில் வந்தார். கழுத்தில் விசில், கையில் கடிகாரம். முறை மாறும்போது விசில் ஊதுவதுதான் அவர் வேலை. அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விசிலை வாயில் வைத்து ஊதாமலே எடுத்தார்.

"ஏம்மா, ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்கதானே நீங்க?"

"அதனாலதான் உயிரோட விட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

அண்ணனைப் பின்னால் உட்கார வைத்து, விழாமலிருக்கத் துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். போகும்போது அண்ணன் திரும்பி, உடைப்பைக் காட்டிக் கையை ஆட்டிக்கொண்டே இருந்தான். சாபம் விடுகிறான் என்று நினைத்தேன்.

பிறகு நான் என் வயலுக்கு இறங்கினேன். இதையும் சொல்லத்தான் வேண்டும். அதற்குப் பிறகு வந்த இரண்டு மணி நேரம்தான் என் வாழ்க்கையிலேயே நான் மிகச் சந்தோஷமாக இருந்த நேரம். வெடிப்புகளுக்குள் தண்ணீர் இறங்கும்போது மண் களக் களக் என்று குடித்தது. ஒரு வரிசை நிறைந்ததும் மண்ணை இழுத்து அடைத்து அடுத்ததைத் திறந்தேன். வதங்கித் தொங்கிய இலைகள் என் கண்ணெதிரே நிமிர்ந்தன. மூக்கிலிருந்து ரத்தம் கொட்டிக்கொண்டே இருந்தது, புடவைத் தலைப்பைத் திணித்துக்கொண்டு வேலை செய்தேன். அந்த மூக்கு மட்டும் நல்லபடியாக இருந்திருந்தால் மருந்து நெடி தெரிந்திருக்கும். அண்ணனின் குத்து அதையும் பார்த்துக்கொண்டது.

ஐம்பத்து நாலாவது வரிசையைத் திறந்தபோது முதல் கல் என் முதுகில் விழுந்தது. திரும்புவதற்குள் இரண்டாவது கல் நெற்றியில் பட்டது. வரப்பின் மேல் அண்ணி நின்றாள். மடியில் கல்லும் மண்ணாங்கட்டியுமாகக் கட்டியிருந்தாள்.

"கொலைகாரி! என் புருஷன் வாயில சோறு இறங்குமாடி இனிமே?"

மூன்றாவது கல்லை நான் கையால் தடுத்தேன். அவள் குதித்து இறங்கி வந்து என் கழுத்தைப் பிடித்தாள். நான் அவள் கையை முறுக்கினேன். இரண்டு பேரும் வரிசைகளுக்கு நடுவில் புரண்டோம். குச்சிகள் மளமளவென்று சாய்ந்தன. காய்கள் எங்கள் அடியில் நசுங்கின. "என் செடி, என் செடி!" என்று கத்திக்கொண்டே அவளை அறைந்தேன்.

செடி என்றதும் அவள் கை நின்றது. சுற்றிலும் பார்த்தாள். நிறைந்து நிற்கிற வரிசைகளைப் பார்த்தாள், மேலே உடைந்து கிடக்கிற வரப்பைப் பார்த்தாள். முகத்தில் சேறும் கண்ணீருமாக இருந்தவள், சிரிக்க ஆரம்பித்தாள்.

"இந்தத் தண்ணியா பாய்ச்சின? பாய்ச்சு. நல்லா பாய்ச்சு. நேத்து சாயங்காலம்தான் அந்த மனுஷன் மருந்து அடிச்சாரு. நான்தான் சொன்னேன், துணி கட்டாதீங்க, அவளுக்கு என்ன மரியாதைன்னு. பாய்ச்சுடி! ஒரு செடி மிஞ்சுதா பார்க்கலாம்."

அண்ணன் காப்பாற்றச் சொன்னபோது நான் நம்பவில்லை. இவள் அழிந்து போ என்று சிரித்தபோது உடனே நம்பினேன். என் குணம் அப்படி.

ஓடினேன். மணல் மூட்டைகளைத் தூக்கி எறிந்து வாய்க்காலைத் திறந்துவிட்டேன். அடிவரப்பை வெட்டி, நின்ற தண்ணீரை எல்லாம் தரிசுக்குத் தள்ளினேன். வாய்க்காலின் நல்ல தண்ணீரை மேலிருந்து விட்டுக் கழுவினேன். மண்ணை எப்படிக் கழுவுவது? பதினாறு நாள் தாகம். குடித்தது குடித்ததுதான். இரண்டு மணிக்கு மடைக்காரர் எங்கோ தூரத்தில் விசில் ஊதினார். வாய்க்காலில் தண்ணீர் வடிந்தது.

நான்கு மணிக்கு முதல் வரிசையில் இலைக்காம்புகள் கீழே வளைந்தன. ஐந்து மணிக்குத் தண்டு முறுக்கிக்கொள்ள ஆரம்பித்தது, துணி பிழிகிற மாதிரி. நுனி இலைகள் சுருண்டு நூலாயின. வாடினால் தண்ணீர் விடலாம், பூச்சி என்றால் மருந்து அடிக்கலாம். தண்ணீரே மருந்தாக வந்து, மருந்தே நோயாக நிற்கும்போது என்ன செய்வது? உர மருந்துக் கடைக்காரருக்குப் போன் பண்ணினேன். "எந்த மருந்து, எத்தனை டப்பா, எப்ப அடிச்சாருன்னு தெரியாம நான் என்னத்தைச் சொல்றது? அடிச்சவரைக் கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

அடித்தவரைக் கேட்பதற்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வீட்டுக்காரர் டூட்டி முடிந்து நேராக அங்கே வந்து, வாசலில் சீருடையோடு நின்றார். என் மூக்கைப் பார்த்து, "முதல்ல நீ டாக்டரைப் பாரு" என்றார். அவரைத் தள்ளிவிட்டு உள்ளே போனேன், பின்னாலேயே அவரும் வந்தார்.

அண்ணனின் தாடையைக் கம்பி போட்டு இறுக்கி, தலையைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். கண் மட்டும்தான் அண்ணனாக இருந்தது. கட்டைவிரலில் பெரிய கட்டு. அண்ணி கட்டிலின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். நான் வந்ததும் எழுந்தாள். அண்ணன் கையைத் தூக்கி அவளை உட்கார வைத்தான்.

"அண்ணா" என்றேன். குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது. "என்ன மருந்து? எத்தனை டப்பா?"

எந்த வாயை உடைத்தேனோ அந்த வாய்தான் எனக்குத் தேவைப்பட்டது. அது திறக்காது, ஆறு வாரத்துக்குத் திறக்காது என்றாள் நர்ஸ். அவள் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் கொடுத்திருந்தாள். கட்டைவிரலை மடக்க முடியாமல், மற்ற இரண்டு விரல்களுக்கு நடுவில் பேனாவைச் செருகிக்கொண்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போல எழுதினான். மருந்தின் பெயர். அதன் பக்கத்தில் 3.

இரண்டு ஏக்கருக்கு மூன்று டப்பா. ஏக்கருக்கு ஒன்று போட்டாலே அதிகம்.

"ஏதாவது பிழைக்குமா?"

அவனுக்குத் தலையை ஆட்ட முடியாது. கண்ணை மூடித் திறந்தான். பிறகு நோட்டை இழுத்து எழுதினான். எழுதி முடிக்க வெகு நேரம் ஆனது. அண்ணிகூட எட்டிப் பார்த்தாள்.

'பிடுங்கிடு. ஒரு மாசம் சும்மா போடு. அப்புறம் நெல்லு வை. அது தாங்கும். குத்தகை வேண்டாம்.'

குத்தகைக்கு விடுவேன் என்று நான் வாய் விட்டது அவன் காதுவரை போயிருக்கிறது. அவன் அதற்காகத்தான் காத்திருக்கிறான் என்று நான் இரண்டு வருஷம் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். நிலம் என் கையில் நிற்கட்டும் என்று, நான் கடித்த கையால் எழுதியிருந்தான். நான் அழுதேன். மூக்கில் மறுபடி ரத்தம் வந்தது. நர்ஸ் ஓடி வந்து பஞ்சைத் திணித்தாள்.

அவன் பேனாவை விடவில்லை. கீழே இன்னொரு வரி எழுதி, நோட்டை என் பக்கம் திருப்பினான்.

'நாலு தடவை சொன்னேன். உனக்குக் கேக்கலையா?'

மூன்று பேரும் என் வாயையே பார்த்தார்கள். வீட்டுக்காரர் அவசரமாக, "அந்த நேரத்து ஆத்திரம் மச்சான், அவளுக்கு எங்க காதுல விழுந்திருக்கும்" என்றார்.

"இல்லை" என்றேன். "நாலு தடவையும் கேட்டுச்சு."